ஆறுச்சாமியின் அரசாணிக் கச்சேரி

“ஹாஜரானவங்கல்லாம் தலையத் தூக்குங்க!” என்று அதட்டிக்கொண்டே ஆறுச்சாமி ஓர் அரசாணி இலையைப் புரட்டுகிறார். இலைக்கு அடியில் அசுவினிக் கூட்டம் பச்சைப் பொடியாக அப்பிக் கிடக்கிறது. ஒன்றுகூடத் தலையைத் தூக்குவதில்லை. கச்சேரியை அவமதித்ததாக அந்தக் குற்றமும் சேர்ந்துகொள்கிறது. இடது கையிலுள்ள கொட்டாங்குச்சியிலிருந்து ஒரு பிடி சாம்பலை எடுத்து, பனியின் ஈரம் காய்வதற்குள் இலையின் மேலும் கீழுமாகத் தூவுகிறார். தீர்ப்பும் தண்டனையும் ஒரே மூச்சில் முடிந்துவிடுகின்றன. அடுத்த இலை.

பட்டணத்தார் பரங்கி என்றும் மலையாளத்தார் மத்தன் என்றும் சொல்லும் காய்க்கு, எலப்புள்ளிக்குக் கிழக்கே கொங்குக் குடியானவர்கள் இருக்கும் ஊர்களில் அரசாணி என்று பெயர். ஆறுச்சாமியின் புழக்கடையில், மாட்டுக் கொட்டகைக் கூரையின்மேல் மூன்று கொடிகள் படர்ந்திருக்கின்றன. அந்த மூன்று கொடிக்கும் சர்க்கார் அவர்தான். காலையில் பல் துலக்குகிறாரோ இல்லையோ, சிவப்புக் கரை போட்ட தலைப்பாகையைக் காதை மூடிக் கட்டிக்கொள்ளாமல் கொல்லைக்குள் கால் வைக்க மாட்டார். இடுப்பில் கோவணமும் தலையில் சர்க்கார் உத்தியோகமுமாக ஏணியில் ஏறி நிற்கிற அவரைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் சிரித்துவிடுவார்கள். பழகியவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

அந்தத் தலைப்பாகை சும்மா வந்ததல்ல. முப்பது வருஷம் அதிகாரி கச்சேரியில், அதாவது கிராம ஆபீசில், கோல்காரனாக இருந்தவர் அவர். கிராமத்தை ஆள அதிகாரி, கணக்கெழுத மேனோன். நோட்டீசைக் கொண்டுபோய்க் கொடுக்கவும், ஆளைக் கூட்டிவரவும், தண்டோராப் போடவும் கோல்காரன். ஆறுச்சாமி ஒரு வீதியில் நுழைந்தால் காயப்போட்ட மிளகாயைப் பெண்கள் வாரிக்கொண்டு உள்ளே போவார்கள். வீட்டுக்காரன் ஒளிந்துகொண்டிருப்பது தெரிந்தால், கதவில் கோலால் மூன்று அடி. அந்த மூன்று அடியில் தொட்டிலில் கிடக்கிற பிள்ளை அலறும், மாடு கட்டை அறுக்கும், ஒளிந்தவன் தானாகவே இருமிவிடுவான். மெல்லத் தட்டுவது என்பதை அவர் அறிந்ததே இல்லை. ஓரெழுத்தும் படிக்கத் தெரியாது. ஆனால், “மேற்படியான் மேற்படித் தேதியில் நேரில் ஹாஜராகாத பட்சத்தில்” என்று தொடங்கினால், நடுவில் எச்சில் விழுங்காமல் முடிவுவரை போவார்.

இப்போது அந்தச் சட்டமெல்லாம் பூச்சி புழுவின்மேல் பாய்கிறது. சிவப்பு வண்டு கொலைக்குற்றவாளி; முளைத்து இரண்டு இலை விட்ட கன்றையே தின்றுவிடுவது. அதைக் குளிரில் விறைத்துக் கிடக்கும்போதே பிடித்து மண்ணெண்ணெயில் போட்டுவிடுவார். அணில் தலைமறைவுக் குற்றவாளி. கண்ட இடத்தில் கல்லெறிய உத்தரவு. மாட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே குடியிருக்கும் தேரை கச்சேரிச் சிப்பந்தி. அதைப்பற்றி அவருக்கு மிக உயர்ந்த அபிப்பிராயம் உண்டு. “இந்தத் தேரையாட்ட ஒரு கோல்காரன் கச்சேரில இருந்திருந்தா, நாடு எங்கியோ போயிருக்கும்” என்பார். நத்தைக்குக் கொலைத்தண்டனை கிடையாது, நாடுகடத்தல்தான். வேலிக்கு அந்தப் பக்கம், நஞ்சப்பனின் தோட்டத்தில் போய் விழும்.

நஞ்சப்பன் முறையில் மாப்பிள்ளை, வயதில் பத்துப் பன்னிரண்டு இளையவர், வாயில் இளைத்தவரல்ல. விழுந்த நத்தையைப் பொறுக்கி அதே வேலிக்கு மேலாகத் திருப்பி எறிவார்.

“ஏனுங் மாமா, இது உங்க ஊட்டுச் சொத்துங்களே? மறந்து உட்டுட்டுப் போயிருச்சாட்ட இருக்குது.”

“அது நாடுகடத்துன ஆளு. உள்ள உடப்படாது.”

“எங்க ராஜ்ஜியத்துல எடம் இல்லீங். அப்பீல் போட்டுட்டுது.”

“அப்பீலுக்கு முகாந்தரம் இல்லை! தள்ளுபடி!”

நத்தை மூன்றாந்தடவையாக வேலி தாண்டும். ஒரு காலைப் பொழுதில் ஒரே நத்தை ஆறு தடவை எல்லை தாண்டியதுண்டு. இந்த விளையாட்டை இரண்டு பேரும் ஒரு முறைபோல நடத்தி வருகிறார்கள். ஆறுச்சாமி இன்னும் சத்தம் போடுகிறாரா என்று பார்ப்பதற்காகவே நஞ்சப்பன் சில நாள் தன் பக்கத்து நத்தையையும் எடுத்து வீசுகிறார் என்பது ஆறுச்சாமிக்குத் தெரியாது.

இத்தனை கண்டிப்பான கச்சேரியில் ஒரே ஒரு வழக்கு மட்டும் கூப்பிடப்படுவதில்லை. அது கருவண்டு வழக்கு.

கருவண்டு என்பது கட்டைவிரல் பருமனுள்ள ஒரு வண்டு. எண்ணெய் தடவின கறுப்பு. நீலம் மினுக்கும் இறக்கை. மூங்கிலில் நாவிதன் கத்தியால் வழித்தாற்போல வட்டமாக ஓட்டை போட்டு உள்ளே குடியிருக்கும். மாட்டுக் கொட்டகைக் கூரையைத் தாங்கும் மூங்கிலில் அப்படி ஒன்பது ஓட்டைகள் இருந்தன. அதிலிருந்து உதிர்கிற மரத்தூள் மாட்டின் முதுகில் விழும். கூரை என்றைக்காவது மாட்டின்மேல் உட்கார்ந்துவிடும் என்று ஆறுச்சாமி கறுவிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவை அவர் சுண்ணாம்பைக் குழைக்கும்போதும் மகள் செல்லாத்தாள் ஏணியைப் பிடித்துக்கொண்டு குறுக்கே நிற்பாள்.

“வேண்டாமுங்கப்பா. அதுக்கும் ஊடுதானுங்களே.”

“ஊடா? வரி கட்டுதா? ரசீது காட்டச் சொல்லு.”

“காத்தால ஒவ்வொண்ணா வெளிய வந்து ர்ர்ர்ருங்குதுங்க பாருங்க, அப்படியே நீங்க கொறட்டை உடற மாதரயே இருக்குது. அடைச்சுப்போட்டா அப்பறம் நானு எதக் கேட்டு எந்திரிக்கறதுங்க?”

முப்பது வருஷம் ஜப்தி வீட்டு அழுகைக்கு அசையாதவர், இந்த வாதத்துக்கு ஏணியை விட்டு இறங்கிவிடுவார். ஒன்பது ஓட்டைக்கும் அப்படி இடைக்காலத் தடை வாங்கி வைத்திருந்தாள் செல்லாத்தாள்.

அரசாணியும் அவளுடையதுதான். வேலந்தாவளம் சந்தையில் எவளோ ஒருத்தி, அறுத்த காயில் ஒட்டியிருந்த விதையைக் கிள்ளி இவள் கையில் கொடுத்தாளாம். தட்டையாக, சின்னத் தலையணையைப்போல மடிப்பு மடிப்பாக, பச்சையில் வெள்ளைக் கோடு போட்ட காய். வேகவைத்தால் பொரியல் கட்டியாக நிற்கும், கரையாது. வேலந்தாவளம் கொச்சி மகாராஜாவின் சீமை. எலப்புள்ளி இங்கிலீஷ்காரன் சீமை. ஆகவே அந்த விதை அனுமதியில்லாமல் எல்லை கடந்த அந்நியப் பிரஜை என்று ஆறுச்சாமி முதல் வருஷம் முழுக்க அதன்மேல் கேசு நடத்தினார். இரண்டாம் வருஷம், அதன் பொரியலுக்காக வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டார். ஊரில் வேறு யாரிடமும் அந்த இனம் இல்லை. நல்ல முற்றின காயின் விதையை எடுத்து, பச்சைச் சாணத்தில் பதித்து, வறட்டியாக்கிச் சுவரில் அடித்து வைப்பாள் செல்லாத்தாள். ஆடி வரைக்கும் எறும்பும் எலியும் அண்டாது. வறட்டியின்மேல் அவளுடைய ஐந்து விரலும் பதிந்திருக்கும்.

அவளுக்குப் பதினாறு வயது. தையில் கல்யாணம் வைப்பதாகப் பேச்சு இருந்தது.

சீமையில் நடந்த பெரிய சண்டை முடிந்த அந்த ஐப்பசியில், ஊருக்குள் விஷக்காய்ச்சல் வந்தது. சாவும் ஒரு கோல்காரன்தான். என்ன, அவனுக்குக் கதவைத் தட்டுகிற வழக்கமில்லை. ஒரு வீட்டில் சமன் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த வீட்டுக்குள் போய்விட்டிருப்பான். செல்லாத்தாளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். நாலாம் நாள் காலையில் கச்சேரியிலிருந்து கல்பனை, அதாவது மேலிடத்து உத்தரவு, வந்தது: சண்டை தீர்ந்தது, நம் ராஜா ஜெயித்தார், இதை நாலு ஊருக்கும் தண்டோராப் போட்டுச் சொல்ல வேண்டும். ஆறுச்சாமி தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு, தப்பட்டைக்காரனைக் கூட்டிக்கொண்டு போனார். பாதி வீடுகளில் கேட்க ஆளில்லை. இருந்தவர்கள் கிடந்தபடியே, ஜெயித்தது யார் என்றும் கேட்காமல், தண்ணீர் கேட்டார்கள். ஆனாலும் உத்தரவு உத்தரவுதான். நாலு ஊரிலும் நாலு முக்கிலும் நின்று, இனி யாரும் சாக வேண்டியதில்லை என்கிற அர்த்தத்தில் தொண்டை கிழியக் கத்திவிட்டு, பொழுது சாய்கையில் திரும்பினார். தன் வீட்டு வாசலில் ஆட்கள் நிற்பதைப் பார்த்தார். விலகி வழிவிட்டார்கள். முப்பது வருஷமாக அவருக்கு எல்லாரும் விலகித்தான் வழிவிட்டிருக்கிறார்கள்.

தலையில் கட்டின பாகையோடேதான் மகளை மயானத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். யாரோ ஒருத்தர், “தலைப்பாகைய அவுருங்க” என்று சொன்னது அவர் காதில் விழவில்லை. மறுநாள் கோலைக் கொண்டுபோய்க் கச்சேரியில் சாய்த்து வைத்துவிட்டு வந்தார். இடுப்பு வாரையும் பித்தளை வில்லையையும் கொடுத்தார். தலைப்பாகையைக் கொடுக்கவில்லை. அதிகாரியும் கேட்கவில்லை. முன்பெல்லாம் அதிகாரிக்கு முன்னால் மட்டும் அவிழ்ப்பார். இப்போது குளிக்கும்போது தவிர அது தலையைவிட்டு இறங்குவதில்லை.

மருதாத்தாள், அவர் பெண்சாதி, அன்றைக்குப் பிறகு புழக்கடைப் பக்கம் வரவில்லை. சாணத்தைக்கூட வாசல்புறம் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லித்தான் வறட்டி தட்டுவாள். சுவரில் செல்லாத்தாள் அடித்த விதை வறட்டி ஒன்று மிஞ்சியிருந்தது. அதைப்பற்றி மருதாத்தாள் ஒரே ஒரு தடவை பேசினாள்.

“அந்த இனம் அத்துப்போகாமப் பாத்துக்குங்க.”

அவ்வளவுதான் உத்தரவு. இதை நிறைவேற்ற ஆறுச்சாமி கிளம்பிய விதத்தில்தான் விபரீதம் இருக்கிறது. கொடி படரக் கூரை வேண்டும். கூரை நிற்க மூங்கில் வேண்டும். மூங்கிலைத் தின்கிறது கருவண்டு. தடை வாங்கியவளோ இல்லை. மாசி மாதத்தில் ஒரு நாள், பொழுது இறங்கி வண்டுகளெல்லாம் உள்ளே அடைந்த பிறகு, கடுக்காய்த் தண்ணீர் விட்டுச் சுண்ணாம்பை அரைத்து, ஒன்பது ஓட்டைகளையும் கெட்டியாக அடைத்தார். வழிந்த சுண்ணாம்பை விரலால் வழித்துச் சுத்தம் செய்தார். “ஊடு ஜப்தி பண்ணியாச்சு” என்று அறிவித்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கினார். மகளின் கொடிக்குத் தகப்பன் செய்யவேண்டிய காவலைச் செய்துவிட்டதாக அவருக்கு அன்று மனசு நிறைவாக இருந்தது. ஐப்பசிக்குப் பிறகு அவர் நன்றாகச் சாப்பிட்டது அன்றுதான்.

ஆடியில் வறட்டியை உடைத்தார். ஏழு விதை. அந்த ஐந்து விரல் பதிவை உடைக்க மனமில்லாமல் ஓரத்திலிருந்து சுரண்டிச் சுரண்டி எடுத்ததில் அரை நாள் போயிற்று; விரல் பதிந்த நடுப்பாகம் சுவரிலேயே நின்றது. ஏழில் நாலு முளைத்தது. ஒன்றைச் சிவப்பு வண்டு தின்றது. மூன்று கொடியும் கூரை ஏறியபோது, தேரை முதல் நஞ்சப்பன் வரை எல்லாருக்கும் ஆறுச்சாமி அதைத் தெரியப்படுத்தினார்.

ஆவணியில் பூத்தது. அரசாணியில் வெறும் பூ முதலில் வரும். பிறகுதான் கழுத்தில் உருண்டையாகப் பிஞ்சு தாங்கின பூ வரும். பிஞ்சுப் பூ முதல்முதல் வந்த அன்றைக்குப் பொட்டு வைத்துச் சுற்றிப் போட்டார். நாலாம் நாள் அந்தப் பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கிக் கீழே விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. அதற்கடுத்ததும்.

விசாரணை கடுமையாக நடந்தது. முதல் சந்தேகம் நஞ்சப்பன்மேல். “மாமா, கொடி சும்மா செளிச்சு நிக்குதுங்க” என்று வேலிக்கு அந்தப்பக்கமிருந்து ஒரு நாள் அவர் சொல்லியிருந்தார். ஆகவே கொட்டகை முகட்டில் அறுந்த செருப்பு தொங்கியது. சுண்ணாம்புப் புள்ளி குத்தின பானை ஏறியது. நஞ்சப்பன் பார்த்துவிட்டு, “ஏனுங் மாமா, செருப்பு என்றதாட்ட இருக்குதுங்களே?” என்றார். அவருடையதுதான். பிறகு அணில்மேல் சந்தேகம், பழ ஈயின்மேல் சந்தேகம், மண்ணின்மேல் சந்தேகம். எரு வைத்தார், சாம்பல் போட்டார், மோர் தெளித்தார். பிஞ்சு விழுந்துகொண்டே இருந்தது. விழுந்தவற்றை மருதாத்தாள் பார்த்துவிடக்கூடாதென்று பொறுக்கிக் கொண்டுபோய்ச் சாணக்குழியில் புதைத்தார். “காய் புடிச்சுதுங்களா?” என்று அவள் உள்ளிருந்து கேட்டால், “புடிக்கும் புடிக்கும், விசாரணையில இருக்குது” என்பார்.

புரட்டாசி பிறந்தது. கொடியின் நுனி வற்றத் தொடங்கிவிட்டது. இனி இரண்டு மூன்று பிஞ்சுப் பூதான் மிச்சம். குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடிப்பதென்று ஒரு நாள் விடியலில் ஏணி மேல் போய் உட்கார்ந்தார்.

விடிந்தது. கணவாய்க் காற்று வழக்கம்போல மேற்கிலிருந்து சாய்த்து அடித்தது. பூ விரிந்தது, உள்ளே விளக்குப் போட்டாற்போல மஞ்சள். ஆறுச்சாமி கண் இமைக்காமல் பார்த்திருந்தார். அணில் வரவில்லை. ஈ வரவில்லை. தேனீ இந்தக் காற்றுக்கு வெளியே வராது. வந்தால் கோயம்புத்தூரில்தான் இறங்கவேண்டியிருக்கும். ஒருத்தரும் வரவில்லை. வெயில் ஏறியது, பூ மெல்லக் கூம்பியது, அப்போதும் யாரும் வரவில்லை. பூவைக் கெடுக்க எவனுமே வரவில்லை என்பது அவருக்கு முதலில் பெரிய ஏமாற்றமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் அந்த நிசப்தம் காதில் உறைத்தது. இந்தக் காற்றிலும் கனத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு, பூவுக்குப் பூ தலைகீழாக நுழைந்து, முதுகெல்லாம் மஞ்சள் பூசிக்கொண்டு வருகிற ஒரே ஒரு ஆசாமி இருந்தான். ர்ர்ரும் என்று அவன் புறப்படும்போதுதான் இந்த வீட்டில் ஒருத்தி எழுந்திருப்பாள்.

அவர் பக்கத்திலிருந்த மூங்கிலைப் பார்த்தார். வெள்ளையாக ஒன்பது வட்டம்.

ஏணியில் நின்றபடியே அரிவாள் மூக்கால் முதல் அடைப்பைக் குத்திப் பெயர்த்தார். சுண்ணாம்பு வில்லை கையில் விழுந்தது. திருப்பிப் பார்த்தார். உட்புறம் முழுக்கப் பல் கீறல். அதற்குப் பின்னால், வாசலைப் பார்த்தபடி தாய்வண்டு, காய்ந்து, உமியைப் போல. குச்சியை விட்டுத் துழாவினார். உள்ளே மரத்தூளால் தடுத்துத் தடுத்துச் சின்னச் சின்ன அறை. ஒவ்வோர் அறையிலும் ஒரு மஞ்சள் மாவுருண்டை, அதன்மேல் சுருண்ட ஒரு குஞ்சு. பிள்ளைக்கு ஒரு உருண்டைச் சோறு வீதம் ஆக்கி வைத்துவிட்டுத்தான் வெளியே புறப்பட்டிருக்கிறது. ஆறுச்சாமி எதையும் அறிவிக்கவில்லை. ஒன்பதையும் திறந்தார். உள்ளே இருந்ததையெல்லாம் சாம்பல் கொட்டாங்குச்சியிலேயே எடுத்துக்கொண்டு, வீட்டுக்குள் போய், என்ன செய்கிறோமென்று தெரியாமல் அடுப்படியில் மருதாத்தாளுக்கு முன்னால் வைத்தார்.

அவள் கொட்டாங்குச்சியை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தாள்.

“எப்பங்க அடைச்சீங்க?”

“மாசியில.”

“காயி?”

“ஒண்ணும் நிக்கல மருதா. எல்லாத்தையும் குழியில போட்டுட்டன்.”

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்து அவர் தலைகுனிந்து நின்றார். கூண்டில் நிற்கிறவன் நிற்பது எப்படியென்று அவருக்குச் சொல்லித்தரவா வேண்டும்! ஆனால் அவள் கொட்டாங்குச்சியை எடுத்து மாடத்தில் வைத்துவிட்டு, அடுப்பு வேலைக்குத் திரும்பினாள்.

மறுநாள் விடியலில் அவர் புழக்கடைக்குப் போனபோது மருதாத்தாள் ஏற்கெனவே அங்கே நின்றாள். கிட்டத்தட்ட ஒரு வருஷத்துக்குப் பிறகு. அன்று ஒரே ஒரு பிஞ்சுப் பூ விரிந்திருந்தது. கூரையின் கீழ்வரிசையில், கைக்கெட்டும் உயரத்தில். அவள் ஒரு வெறும் பூவைக் கிள்ளினாள். இதழை உரித்துப் போட்டாள். நடுவிலிருந்த மஞ்சள் தண்டை மட்டும் அவரிடம் நீட்டினாள்.

“மழை நாள்ல, வண்டு வராட்டி அவொ இப்படித்தானுங்க செய்வா. நான் பாத்திருக்கறன். உள்ள தொட்டு வெய்யுங்க. அழுத்தாதீங்க.”

“நீயே வெச்சுரு.”

“அடைச்ச கைதானுங்களே வெக்கோணும்.”

வைத்தார். முப்பது வருஷம் கதவிடித்த கைக்கு அளவு தெரியாமல் பாதி மஞ்சள் கீழே கொட்டியது. மீதிப் பாதி ஒட்டியது. நாலாம் நாள் அந்தப் பிஞ்சு விழவில்லை. ஐந்தாம் நாள் அது பச்சையாகவே இருந்தது. வேலிக்கு அப்பாலிருந்து நஞ்சப்பன் அதைப் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அவர் ஆயுளில் கேட்காமல் விட்ட கேள்வி அது ஒன்றுதான்.

அந்த ஒற்றைக் காயை மார்கழியில் அறுத்தார்கள். மருதாத்தாள் விதையைச் சாணத்தில் பதித்து, அதே சுவரில், அதே இடத்தில் அடித்தாள். அவளுடைய கை பெரியது. பழைய தடத்தை அது மூடிவிட்டது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். வேறு இடத்தில் அடித்திருக்கலாம் என்று இரண்டு பேருக்கும் தோன்றியிருக்கும்.

அந்த விதையிலிருந்து வந்தவைதான் இந்த வருஷத்து மூன்று கொடிகள். விடியற்காலையில் மருதாத்தாள் பூவுக்குப் பூ தொட்டு வைத்துக்கொண்டே போகிறாள். இனம் அற்றுப்போகவில்லை. இலை விசாரணை, நாடுகடத்தல், தேரைக்கு நற்சாட்சி, எல்லாம் குறைவில்லாமல் நடக்கின்றன.

கொட்டகை இறவாரத்தில், காற்றுப் படாத கிழக்குப் பக்கமாக, புதிய மூங்கில் ஒன்று கட்டியிருக்கிறது. எந்தக் கூரையையும் அது தாங்கவில்லை. ஆசாரியிடம் துறப்பணம் இரவல் வாங்கி ஆறுச்சாமியே அதில் ஒன்பது ஓட்டை போட்டிருக்கிறார். பங்குனியில் கட்டியது. இது ஆவணி. ஒரு ஓட்டையின் விளிம்பிலும் புதுத் தூள் இல்லை.

சாம்பல் தூவி முடிந்ததும், கடைசி இலையையும் விசாரித்து முடித்ததும், ஆறுச்சாமி ஏணியை நகர்த்தி அந்த மூங்கிலுக்குக் கீழே சாய்க்கிறார். வேலிக்கு அந்தப் பக்கம் நஞ்சப்பன் நத்தையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார், எறியவில்லை. ஆறுச்சாமி மூன்று படி ஏறுகிறார். காதை மூடிக் கட்டின தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறார். நரைத்த தலை காற்றில் வெறிச்சோடி நிற்கிறது. மூங்கிலில் காதை வைக்கிறார். பிறகு சுட்டுவிரலை மடக்கி, உள்ளே தூங்குகிறவர்கள் திடுக்கிடாதபடி, மெதுவாக ஒரு தட்டு தட்டிவிட்டு, மறுபடியும் காதை வைக்கிறார்.